எழுபத்திரண்டு துடிப்பு

பரணிதரன் சாரின் கல்லூரி ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக எல்லோருக்கும் இதயம் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறைதான் துடித்தது. மூன்று மாடி ஏறி ஓடி வந்தவனுக்கும் அதுவே, காய்ச்சலோடு வந்தவளுக்கும் அதுவே. ஒரே விலை, பேரம் கிடையாது.

செய்முறை எளிது. இதயத்தின் மின்துடிப்பைப் பெருக்கிக் காட்டும் கருவியை மாணவரே கட்ட வேண்டும். தன் கையிலும் காலிலும் ஒயரை ஒட்டி, திரையில் வரும் கோட்டை ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். முதல் மதிப்பெண்ணுக்குச் சென்னை மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் இடம். ஒரத்தநாட்டு வானதிக்கு அந்த இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் படித்தது போதும் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

அவள் திரையில் இதயம் வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. சுவரில் ஓடும் கரண்ட் உடம்பில் ஏறி ஆடியது. பக்கத்து மேசைத் தமிழரசனுக்கோ கோலம் போட்டது போலக் கோடு.

“எப்படிடா?”

“என் ஒயரு கழண்டு அரை மணி ஆச்சு, நீ வேற.” மேசைக்கடியில் இருந்த பெட்டியைக் காலால் தட்டினான். கருவியைச் சோதிக்கப் பொய்த்துடிப்பு அனுப்பும் பெட்டி. “எல்லாரும் இதுலதான் சொருகுறோம்.”

வானதி சொருகவில்லை. விடுமுறையிலும் வந்து மல்லுக்கட்டினாள். கோளாறு கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி காய்ந்து கிடந்தது. உப்பைப் போட்டுக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள்.

“என்ன பாப்பா, குறுவை நடுறியா?” என்றார் ஆய்வக உதவியாளர் வீரையன்.

இரைச்சல் அடங்கியது.

தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர் ஒன்பது நோட்டுகளைப் புரட்டினார். எட்டில் எழுபத்திரண்டு. வானதியுடையதில் நூற்று நான்கு.

“உனக்கு மட்டும் ஏம்மா இப்படி?”

“பயமா இருக்கு சார். அதான்.”

“மத்தவங்களுக்குப் பயமில்லையா?”

“அவங்க ஒயரைக் கழட்டிப் பாருங்க சார்.”

கழற்றினார். தமிழரசனின் இதயம் அவன் இல்லாமலே துடித்தது. பரணிதரன் சார் முகம் வெளிறியது. தேர்வாளர் குனிந்து பெட்டியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல மாடலா இருக்கே சார். எங்க காலேஜ்ல இருக்கறது அறுபத்தெட்டுலயே நிக்குது. எங்க வாங்குனீங்க?”

பரணிதரன் சாருக்கு மூச்சு வந்தது. “திருச்சியில சார். நான் சொன்னேன்னு சொல்லுங்க, குறைச்சுத் தருவான்.”

வானதியின் தாளில் ‘கருவி நம்பத்தக்கதல்ல’ என்று எழுதி, பாஸாகிற அளவுக்கு மட்டும் மதிப்பெண் போட்டார்கள். சென்னை தமிழரசனுக்குப் போனது.

மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் அவன் அவளைப் பிடித்தான்.

“அங்க நோயாளி மேலயே மாட்டணுமாம் வானதி. பெட்டியெல்லாம் கிடையாதாம். கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

“எப்பப் போவணும்?”

“இன்னும் பத்து நாள் இருக்கு.”

“எனக்கு ஆறு மாசம் ஆச்சுடா” என்று சொல்லிவிட்டு ஒரத்தநாடு பஸ்ஸில் ஏறினாள்.