ஒரே நாளில் இரண்டு லூவாவ்

கப்பலின் ஏழாவது தளத்தில் பன்னிரண்டாவது அறையின் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தபோது அங்கே தங்கியிருந்த அம்மாள் இரண்டு வண்ணத்தாள்களைப் பிடித்துக்கொண்டு ஹாலியாவின் முன்னால் வந்து நின்றாள். ஒன்றில் மலையடிவாரத் தோட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து, சுட்ட கல்லோடு புதைத்து வேகவைத்த பன்றியைக் குழியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் கடற்கரையில் ஒருவன் தீக்கம்பு சுழற்றிக்கொண்டிருந்தான்.

"நீ இந்தத் தீவுக்காரிதானே? சொல்லேன், எந்த லூவாவ் விருந்துக்குப் போகலாம்? கப்பல் நிக்கிறதே ஒரு மத்தியானம். ஒண்ணுக்குத்தான் போக முடியும்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு நாளா இதே பஞ்சாயத்து," என்றார்.

அறை சுத்தம் செய்கிறவர்கள் இதற்கெல்லாம் யோசனை சொல்லக்கூடாது. அதற்கென்று கீழே ஒரு மேசை போட்டு, காதில் பூ வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மேற்பார்வையாளர் காதில் விழுந்தால் ஒரு பாட்டம் திட்டு கிடைக்கும். ஹாலியா தலையணையைத் தட்டிப் போட்டாள். அவள் பாதம் இரண்டும் காலை ஆறு மணியிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தன.

"எது கிட்ட இருக்கோ அதுக்குப் போங்கம்மா," என்றாள். "காலாவது வலிக்காம இருக்கும்."

அந்த அம்மாள் பெரிதாகச் சிரித்தாள். ஹாலியா சிரிக்கவில்லை. அவளே ஒரு வாரமாக இரண்டு லூவாவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தூக்கமில்லாமல் கிடந்தாள். இவர்களுக்கு வண்ணத்தாள், அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள்.

தப்பு யாருடையது என்று கேட்டால், அவளுடையதுதான். அண்ணன் பிலிபோவுக்கு ஒரு பேத்தி, அக்கா மோமிக்கு ஒரு பேரன், இரண்டும் ஒன்பது நாள் வித்தியாசத்தில் பிறந்தவை. முதல் வருஷத்தைத் தாண்டிய பிள்ளைக்கு ஊரைக் கூட்டி லூவாவ் போடாமல் இருப்பார்களா? இரண்டு பேருமே அவளிடம் எப்போது வருவாய் என்று கேட்டார்கள். அவள் கப்பல் படுக்கையில் சாய்ந்தபடி ஒரே செய்தியை இரண்டு பேருக்கும் தட்டிவிட்டாள்: பதினாலாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் எனக்கு லீவு, அதை விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான். பேச்சுவார்த்தை இருக்கிற குடும்பமாக இருந்தால் அண்ணனும் அக்காவும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாள் வைத்திருப்பார்கள். இங்கேதான் நாலு வருஷமாக ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் படுவதில்லையே. இரண்டு பேரும் அதே பதினாலாம் தேதியை வைத்தார்கள். இவள் வரவேண்டும் என்றுதான் வைத்தார்கள்.

ஒருவரை மாற்றச் சொல்லிப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்த்தாள். "அவளுக்காக நான் மாத்தணுமா? பன்னி சொல்லியாச்சு," என்றான் பிலிபோ. "அவன் கிழக்க நின்னா நான் மேக்க நிக்கணுமோ? பந்தல் போட்டாச்சுடி," என்றாள் மோமி. பிலிபோ இருப்பது அனஹோலாவில், துறைமுகத்துக்கு வடக்கே. மோமி இருப்பது ஹனபேபேயில், மேற்கே, அம்மாவின் பழைய வீட்டில். துறைமுகம் நட்ட நடுவில். சனிக்கிழமை கூட்டத்தில் ஒன்றுக்குப் போய்த் திரும்பினால் இன்னொன்றுக்கு நேரம் கிடையாது. நாலரைக்குள் அவள் கப்பலில் இருந்தாக வேண்டும். தவறினால் வேலை போய்விடும்.

சண்டை அம்மாவை வைத்துத்தான். அம்மாவுக்கு முடியாமல் போனபோது, பிலிபோ அவளை விமானத்தில் ஹோனலூலு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வேண்டாம், முற்றத்துல அவ பூமரத்தடியிலேயே உயிர் போகட்டும் என்று மோமி காலைப் பிடிக்காத குறை. மூன்று வாரம் கழித்து அம்மா ஒரு சிறு பெட்டியில் சாம்பலாகத் திரும்பி வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் மோமி கேட்டாள்: "ஆளைக் கூட்டிட்டுப் போன. கொண்டுவந்தது இதுதானா?" வண்டியை எடுத்துக்கொண்டு போன பிலிபோ அப்புறம் அந்த முற்றத்தை மிதிக்கவே இல்லை.

இரண்டு பேரும் ஹாலியாவைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, நீ யார் பக்கம் என்று கேட்டார்கள். அவள் கப்பல் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷமும் போட்டாள். ஐம்பத்தோரு வயதில், பதினாறு அறையைப் பெருக்கித் துடைக்கிற வேலையை ஒருத்தி ஆசைப்பட்டா செய்கிறாள்? கடலில் இருந்தால் யாரும் யார் பக்கம் என்று கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை கப்பலில் பன்னிரண்டரைக்கு விட்டிருக்க வேண்டியவர்கள் ஒன்றேகாலுக்குத்தான் விட்டார்கள். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், உள்ளே ஒரே மாதிரி இரண்டு சின்னச் சட்டை. அவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஹாலியா துறைமுக வாசல் பக்கம் நடந்தாள். பிலிபோவின் செய்தி காலையிலேயே வந்திருந்தது. "மூணு மணிக்குக் குழி திறக்கிறோம். கன்னக்கறி உனக்கு." அவ்வளவுதான். வண்டி அனுப்பட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பான். அவன் குணம் அது. சின்ன வயதில் பன்றி திறக்கும்போதெல்லாம் அந்தக் கன்னத்துக் கறியை யாருக்கும் தெரியாமல் பிய்த்து இவள் வாயில் திணிப்பான்.

அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் கப்பல் படியிறங்கும்போது நினைத்தாள். மோமியிடம் பேசினால் அழுதுவிட்டு ஆறிப்போவாள். பிலிபோ ஆறவே மாட்டான். பேருந்து நிறுத்தம் வாசலிலிருந்து பத்து நிமிட நடை.

வாசலில் மோமியின் மருமகன் நைனோவா வண்டியை நிறுத்திக் கதவையும் திறந்து வைத்திருந்தான்.

"வாங்க சித்தி. அத்தை பதினோரு மணிக்கே துரத்தி விட்டுட்டாங்க. ரெண்டு மணி நேரமா வெயில்ல காயறேன்."

ஹாலியா வெயிலைப் பார்த்தாள். திறந்திருந்த கதவையும் இருக்கையையும் பார்த்தாள். ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாகப் புரண்டு புரண்டு நியாயம் பிரித்ததெல்லாம் எங்கே போயிற்றோ. கால் வலித்தது, உட்கார இடம் இருந்தது, உட்கார்ந்தாள். சீ, இதற்குத்தானா இவ்வளவும் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

ஹனபேபேயில் பந்தல் நிறைய ஆட்கள். மோமி ஓடிவந்து அவள் கழுத்தில் மாலையைப் போட்டுக் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தினாள். அம்மாவின் மரத்துப் புவாகெனிகெனிப் பூ. நேற்றுப் பறித்தவை வெள்ளை மாறி ஆரஞ்சாகியிருந்தன. அந்த வாசனை ஹாலியாவின் மூக்கில் ஏறியது. பேரன் அவள் மடியில் உட்கார்ந்து பூவைப் பிய்த்துத் தின்னப் பார்த்தான். யாரோ கிதார் வாசித்தார்கள். தட்டு நிறையச் சோறும் மீனும் வந்தன. கூடவே நார் நாராகப் பன்றிக்கறி. ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"முழிக்காத. தெரியும்," என்றாள் மோமி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து. "கேஸ் அடுப்புல வெச்சது. இந்தப் பக்கத்துல எவனுக்குக் குழி தோண்டத் தெரியுது? கல்லு வெடிக்க வெச்சிடறானுங்க. எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு திங்கிறாங்க. பாவம், நல்லவங்க."

குழி தோண்டத் தெரிந்தவன் யார் என்று அவள் சொல்லவில்லை. ஹாலியாவும் சொல்லவில்லை.

"அங்க போகப் போறியா?" என்று மோமி கேட்டாள், அவளைப் பார்க்காமல்.

"நேரம் எங்கக்கா இருக்கு?"

"ம்."

கிளம்பும்போது மோமி மூன்று அலுமினியத் தட்டுகளைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். கூலோலோ. சேப்பங்கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பால் விட்டு ஒரு பகல் முழுக்க வேகவைத்த, கறுத்துப் பளபளக்கும் துண்டுகள். அம்மாவுக்கு அடுத்து அந்தக் கைப்பக்குவம் மோமிக்குத்தான்.

"கப்பல்ல வெளிச் சாப்பாடு ஏத்த விடமாட்டாங்கக்கா."

"ஏழு வருஷமா இதையே சொல்ற. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் மூணு தட்டு யாருக்கு?"

"யாருக்குன்னு சொன்னேனா நானு? நான் ஒண்ணும் சொல்லல, நீயும் கேக்காத," என்று மோமி கதவை ஓங்கிச் சாத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டாள்.

நெடுஞ்சாலைக்கு வந்தபோது மணி மூன்று பத்து. "அனஹோலா போயிட்டு வர முடியுமாடா?" என்று ஹாலியா கேட்டாள்.

"போயிடலாம் சித்தி. திரும்பத்தான் முடியாது."

தட்டுகள் மடியில் கனத்தன. ஹாலியா பிலிபோவைக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தமும் சிரிப்பும்.

"குழி திறந்தாச்சு. எங்க இருக்க?"

"அண்ணா, நான் மோமி வீட்டுக்குப் போயிட்டேன். இப்ப அங்கிருந்துதான் வரேன். அங்க வர நேரம் இல்லண்ணா."

"சரி," என்றான். வைத்துவிட்டான்.

ஹாலியா வழி முழுக்க அழுதாள். நைனோவா நல்ல பிள்ளை, ஒன்றும் கேட்காமல் வண்டி ஓட்டினான். அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அம்மா போனபிறகு அவளை ஹாலியாக்குட்டி என்று கூப்பிட உலகத்தில் இருந்தது அந்த இரண்டு வாய்தான். அதில் ஒன்றை இன்றைக்கு அவள் கால்வலிக்கு விற்றுவிட்டாள்.

நாலு மணிக்குத் துறைமுக வாசலில் இறங்கினாள். வேலியோரமாகப் பிலிபோவின் வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் அவன். முழங்கை வரைக்கும் சாம்பல், புருவத்தில் சாம்பல், சட்டை முழுக்கப் புகை வாசனை. குழியைத் திறந்துவிட்டு, விருந்தாளிகளுக்கு ஒரு தட்டுகூடப் பரிமாறாமல் வந்திருக்கிறான். வீட்டுக்காரன் லூவாவிலிருந்து பாதியில் எழுந்து வந்தான் என்று எந்த ஊரிலாவது கேட்டதுண்டா?

"கன்னக்கறி ஆறிடும்," என்றான்.

கழுத்து மாலை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கழற்றலாமா என்று கை மேலே போயிற்று. போட்டுவிட்டவளின் மருமகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கழற்றுவதா? கையை இறக்கிக்கொண்டாள். பிலிபோ பார்த்துவிட்டான். கிட்டே வந்தான்.

"அம்மா மரமா?"

"ம்."

"இன்னும் பூக்குதா அது?"

"நிறைய பூக்குதுண்ணா."

அவன் குனிந்து, அவள் தோள்மேல் முகத்தை வைப்பதுபோல் வைத்து, ஒரு மூச்சு இழுத்தான். நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கையிலிருந்த இலைச்சுருளைப் பிரித்து, சாம்பல் கையாலேயே கறியைப் பிய்த்து அவள் வாயில் திணித்தான். புகையும் உப்பும் கொழுப்பும். மெல்லவே வேண்டியிருக்கவில்லை.

அவள் ஒரு கூலோலோத் துண்டை எடுத்து நீட்டினாள். யார் செய்தது என்று அவன் கேட்கவில்லை. தின்றான். "தேங்காப்பால் கம்மி. எப்பவும் அவ கை சுருக்கம்தான்." இன்னொரு துண்டை அவனே எடுத்துக்கொண்டான். அப்புறம் இன்னொன்று. மூன்று தட்டையும் அவன் வண்டியில் அவள் வைத்தாள், அவன் தடுக்கவில்லை. பேத்திக்கான சட்டைப் பொட்டலத்தையும் மேலே வைத்தாள்.

பிறகு அவன் தன் வண்டியின் பின்னாலிருந்து பெரிய கறிப் பொட்டலம் ஒன்றைத் தூக்கி வந்தான். வெள்ளித்தாள் சுற்றியது, இரண்டு கையாலும் தூக்க வேண்டியது. இருபது பேர் சாப்பிடலாம்.

"அண்ணா, கப்பல்ல விடமாட்டாங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

அவன் கடலைப் பார்த்தான். "தெரியும்னுதான சொல்றேன்," என்றான் எரிச்சலாக, பொட்டலத்தை வேலிக் கட்டையின் மேல் வைத்துவிட்டு.

லூவாவுக்குப் போனவர்களின் பேருந்து வந்து நின்றது. காலையில் பார்த்த அம்மாள் கணவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். "நீ சொன்ன மாதிரி கிட்ட இருந்ததுக்கே போனோம்," என்றவள், நின்று மூக்கை உறிஞ்சினாள். "ஏம்மா, உன்மேல பூ வாசனையும் வருது, புகை வாசனையும் வருது. நீ எதுக்குப் போன?"

மணி நாலு இருபது. ஹாலியா அண்ணனை ஒருமுறை கட்டிக்கொண்டு, நைனோவாவின் தலையைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். முட்டி ஒவ்வொரு படிக்கும் முனகியது.

பணியாட்களுக்கான பின்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் பத்து நிமிடத்தில் சீருடை மாட்டிக்கொண்டு துண்டுகள் எண்ண வேண்டும். கப்பல் கயிறு அவிழ்க்கிற வரைக்கும் கீழே அந்த இரண்டு வண்டியும் போகவில்லை. பிலிபோ தன் வண்டிமேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு கப்பலையே பார்த்தான். நைனோவா பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். நடுவில், வேலிக் கட்டைமேல் வெள்ளித்தாள் பொட்டலம் வெயிலில் மின்னியது. அதை ஒருவனும் கொடுக்கவில்லை, ஒருவனும் எடுக்கவில்லை.

எடுடா, என்றாள் ஹாலியா வாய்க்குள். கொடேண்ணா.

புதரிலிருந்து ஒரு காட்டுச்சேவல் வெளியே வந்தது. இந்தத் தீவில் அதுகள் இல்லாத இடம் ஏது? கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒரே எட்டில் கட்டைமேல் ஏறி, வெள்ளித்தாளை ஒரு கொத்துக் கொத்தியது. அந்தப் பக்கமிருந்து பிலிபோவும் இந்தப் பக்கமிருந்து நைனோவாவும் ஒரே நேரத்தில் கையை வீசிக்கொண்டு ஓடினார்கள்.

கப்பல் மெல்லத் திரும்பியது. சரக்குக் கொட்டகையின் சுவர் குறுக்கே வந்து இரண்டு பேரையும் மறைத்தது.