பழைய சர்வரில் இருந்த பெயர்

"அந்தக் கல்லறை இடம் உங்கப்பா பேர்ல இல்ல, லினெட்," என்றான் கிரேக்.

லினெட் கையில் தொங்கிய அப்பாவின் கோட்டை மறு கைக்கு மாற்றினாள். அப்பாவுக்கு உடுத்திவிடச் சவப்பெட்டிக்காரரிடம் அதைக் கொடுக்கப் போகிற வழியில்தான் நகரசபை அலுவலகத்துக்குள் நுழைந்திருந்தாள். முந்தாநாள் காலை, சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்க, அப்பா நாற்காலியிலேயே அடங்கிப்போயிருந்தார். நாளை அடக்கம்.

"அம்மாவுக்குப் பக்கத்து இடம்டா. அம்மா செத்தப்பவே ரெண்டையும் சேத்து வாங்கினோம். நான் கூடவே நின்னேன்."

"புது சர்வர்ல வேற பேர் வருது."

"யார் பேரு?"

கிரேக் திரையைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டான். அவள் சந்தேகப்பட அது போதுமாக இருந்தது.

போன வாரக் கடைசியில்தான் கல்லறைப் பதிவுகள் மொத்தத்தையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியவன் கிரேக். ஊரில் தண்ணீர் வரி, நாய் உரிமம், கல்லறை எல்லாம் அவன் ஒருவன் கையில்.

"ஆறாம் கிளாஸ்ல என் கணக்கப் பாத்து எழுதினவன்தான நீ? அதையும் தப்பா எழுதினே. இங்கயும் ஒரு வரி தள்ளி எழுதிட்டியா?"

"எண்ணிப் பாத்துட்டேன். அங்க இருந்த அத்தனையும் இங்க இருக்கு."

"தலைய எண்ணினா போதுமா? ஆள் மாறியிருந்தா?"

கிரேக்கின் காது மடல் சிவந்தது. தவறை மறைக்கிறானா, இடத்தை வேண்டியவர் யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டானா என்று லினெட் அவன் முகத்தையே பார்த்தாள்.

"பழசு இன்னும் இருக்குல்ல? அதக் காட்டு."

"அடுத்த வாரம் அழிச்சிருவோம்..."

"இன்னும் அழிக்கலையே."

தேநீர் போடும் அறைக்குப் பின்னால், துடைப்பங்களுக்கு நடுவே இருந்தது அந்தப் பெட்டி. கிரேக் அதை உயிர்ப்பிக்க நேரமானது. இரைச்சலோடு விழித்துக்கொண்டது. பிறகு லினெட்டின் அம்மா பெயரைத் தட்டினான். டோரீன். பக்கத்து இடத்தில் இங்கேயும் அப்பா பெயர் இல்லை: நெவில் காப். அம்மா இறந்த மறு வருடம் மாற்றப்பட்டிருந்தது. மாற்றக் கேட்டவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், மெர்வ்.

"காலைல நீ போன் பண்ணதுமே இதப் பாத்துட்டேன்," என்றான் கிரேக் மெதுவாக. "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"அப்பா பேர யார் வேணா போட்டிருக்கலாம்," என்றாள் லினெட். ஆனால் குரலில் வலு இல்லை.

நெவில் காப் ரயில்வே பாதைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். அறுவடைக் காலங்களில் அப்பாவோடு தானிய லாரி ஓட்டியவர். லினெட் போனபோது வாணலியில் ஆட்டிறைச்சித் துண்டு பொரிந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அடுப்பை அணைத்தார்.

"உக்காரு அம்மாடி. அப்பாவுக்கு இப்படி ஆகும்னு..."

"எங்கம்மா பக்கத்துல உங்களுக்கு எதுக்கு இடம்?"

அவர் கரண்டியைக் கழுவி, துடைத்து, மாட்டினார். அவசரப்படவில்லை. பொய்யை யோசிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"நான் கேக்கல. உங்கப்பன் குடுத்தான். வேண்டாம்னு கத்தினேன், கேக்கல. டோரீன் கேட்டாளாம். ஆஸ்பத்திரில, கடைசில."

"எதுக்குக் கேட்டாங்க?"

நெவில் ஜன்னலைப் பார்த்தார். லினெட் அவர் மூக்கை, தாடையை, கை விரல்களைப் பார்த்தாள்.

"அப்படிப் பாக்காத," என்றார் அவர் திரும்பாமலே. "நீ மெர்வ் பொண்ணுதான். அந்த மூக்கு வேற எந்தக் கடைலயும் கெடைக்காது. நாங்க பழகினது நீ ஸ்கூல் போக ஆரம்பிச்ச அப்புறம். ரெண்டு கோடை. அவ்வளவுதான்."

"அப்புறம் திரும்பி வந்துட்டாங்களா?"

"அவ எங்க போனா, திரும்பி வர? போகல. கூப்பிட்டேன், வரல."

"அப்பாவுக்கு?"

"தெரியும். தெரிஞ்சேதான் வருஷா வருஷம் என்ன லாரிக்குக் கூப்பிட்டான். அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல." தொப்பியை எடுத்துக்கொண்டு, "வா, கிரேக்கிட்ட போய் நான் எழுதிக் குடுத்துடறேன். அவனே படுக்கட்டும்," என்றார்.

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாரே என்று அதற்கும் லினெட்டுக்குச் சந்தேகம் வந்தது. அம்மா கேட்டாள் என்பதற்கு இனி யார் சாட்சி? கேட்டவளும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. சனிக்கிழமைகளில் அம்மா பந்து விளையாடப் போனாள். விளையாடத்தான் போனாளா? திரும்பியதும் அப்பா எழுந்து அவளுக்குத் தேநீர் போடுவார். எதற்காகப் போட்டார்?

காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு கிரேக்குக்குப் போன் செய்தாள்.

"அப்பாவுக்குப் புது வரிசைல குழி தோண்டச் சொல்லு."

"நெவில் ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கிட்டார். அப்பா மாத்தினது மாத்தினதாவே இருக்கட்டும்."

மறுநாள் காற்றும் தூசியுமாக இருந்தது. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம் புது வரிசையில் இறக்கினார்கள். கிரேக் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளை ஏறிட்டுப் பார்க்காமலே நின்றான். பிறகு எல்லாரும் சாண்ட்விச்சுக்காக மண்டபத்துக்கு நடந்தார்கள்.

லினெட் வாயிலருகில் நின்று திரும்பிப் பார்த்தாள். நெவில் மட்டும் பழைய வரிசைக்குள் போயிருந்தார். அம்மாவின் கல்லை ஒட்டி வெறும் புல் ஒரு ஆள் நீளத்துக்குக் கிடந்தது. என்ன செய்கிறார் பார்ப்போம் என்று அவள் கண்ணெடுக்காமல் நின்றாள்.

கிழவர் புல்லின் விளிம்புவரை வந்தார். நின்றார். பிறகு அதை மிதிக்காமல், தூங்குகிறவரைச் சுற்றிப் போவது போல ஓரமாகச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் போனார்.