பொறாமைத் தாலாட்டு

தெருவில் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்ட அந்தப் பாடகிக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. வாயைத் திறந்தால் வேறு யாருடைய குரலாவதுதான் வரும். காலையில் மாமியார் குரலில் கணவனை எழுப்புவாள். கடையில் போய்ப் பள்ளித் தலைமையாசிரியரின் கட்டைக்குரலில் சோப்பு கேட்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கல்யாணமான புதிதில் அலறியடித்து எழுந்தான், பிறகு பழகிவிட்டது. மெல்லிசைக் குழு நடத்திய கிடாரிஸ்டுக்கோ கொண்டாட்டம். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும், அதை முதலில் பாடியவரின் குரலிலேயே, அவர் மூச்சு வாங்கிய இடம்கூடப் பிசகாமல் பாடினாள். கல்யாண வரவேற்புகளில் அவளுக்குக் கைதட்டல் ஓயாது.

மகள் பிறந்த பிறகுதான் சிக்கல். குழந்தை அப்பாவின் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பியது, குக்கர் விசிலுக்குத் திரும்பியது. அம்மா கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை. மருத்துவர் சோதித்துப் பார்த்து, "காது நல்லாத்தான் கேக்குது. உங்களைத்தான் அதுக்குத் தெரியல" என்றார், இருமல் மருந்து எழுதிக் கொடுப்பவரைப் போல. அதன்பின் கைதட்டல்களெல்லாம் விலாசம் மாறி வந்த தபால் மாதிரி அவளுக்குத் தோன்றின.

குழந்தைக்காகத் தானே ஒரு பாட்டுக் கட்டிப் பார்த்தாள். நிலவைப் பற்றி எழுதினால் ஏதோ பழைய பாடகியின் குரல் வந்தது. தாய்மையைப் புகழ்ந்து எழுதியது தலைமையாசிரியர் குரலில் வந்தது. "நமக்கெதுக்கும்மா இந்த வம்பு? வர்றதைப் பாடிட்டுப் போ" என்றார் கிடாரிஸ்ட். அவள் விடவில்லை, மாதக்கணக்கில் எழுதிக் கிழித்தாள். ஒரு மத்தியானம் துணி அலசிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றை முணுமுணுத்தாள். பிரசவ வலியில் தான் கத்தியது நர்ஸின் குரலில் வந்ததையும், நர்ஸ் வெலவெலத்துப் போனதால் போர்வையைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்ததையும், வெளியே வந்த நொடியிலேயே மகள் தனக்கே தனக்கான குரலில் அழுததையும், அதைக் கேட்டுப் பெற்றவளுக்கே பொறாமையாக இருந்ததையும். கரகரத்து, மேலே ஏறும்போது லேசாக உடைகிற ஒரு குரல் வந்தது. அது யாருடையதும் இல்லை. குழந்தை கையிலிருந்த மூடியைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து, அவள் ஈரப் பாவாடையைப் பிடித்து எழுந்து நின்றது. அவள் குழாயை மூடக்கூட மறந்து பாடிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இது? நான் கேட்டதே இல்லையே" என்றார், ஒத்திகையில் அதைக் கேட்ட கிடாரிஸ்ட். "நான்தாண்ணே" என்றாள். அடுத்த கல்யாண வரவேற்பில், எல்லோரும் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து அவர் அந்தப் பாட்டை வைத்தார். தட்டும் கையுமாகப் போனவர்கள் தட்டோடு திரும்பி வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை மேடையேறி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி பொறந்தப்போ எனக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள்.

பிறகு அவள் நிறையப் பாட்டுக் கட்டினாள். கணவன் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாள் ஒரு பாட்டானது. மாமியாரோடு பேசாமலிருந்த ஒரு கோடைக்காலம் முழுக்க இன்னொன்றானது. மனதிலிருப்பதைச் சொன்னால் சொந்தக் குரல், மற்றதற்கெல்லாம் கிடைத்த குரல் என்றாகிவிட்டது. அதனால் அந்த வீட்டில் ஒரு சௌகரியமும் இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்கும்போது அவள், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று ரயில் நிலைய அறிவிப்புக்காரியின் குரலில் சொன்னால், கணவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான்.