ரோமாபுரிக்காரியின் சுமைதாங்கி

இந்தக் காலத்து ஆளுகள் தண்ணியைக் குடித்துவிட்டுச் சொம்பை உதைக்கிற கூட்டம், ஒரு கும்பிடு போடக்கூடத் தெரியாது என்று சென்னியப்பன் வைவார். வேலந்தாவளம் சந்தைத் தடத்தில் அவர் நட்ட சுமைதாங்கிக் கல்மேல் இறக்கிய சுமை, திரும்பத் தூக்கும்போது பாதிக் கனம்கூட இருப்பதில்லை. சனம் வாயைத் திறக்காமல் நடையைக் கட்டியது. அதுதான் அவர் ஆத்திரம். சுமை லேசாவதை அவர் நம்பவுமில்லை.

அந்தப் பலகைக்கல் எழுபத்திரண்டில் கிணறு வெட்டும்போது மார்பளவு ஆழத்தில் கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்க எழுத்து, தமிழுமில்லை, மலையாளமுமில்லை. துணி துவைக்க ஆகும் என்றார். பெண்சாதி நாச்சம்மாள் விடவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி நட்டால்தான் அவள் பாரம் இறங்கும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இதுவும் அப்படி எவளுக்கோ நட்டது, மண்ணில் கிடக்கக் கூடாது என்றாள். "ஊரான் மூட்டைய வெக்கறதுக்கு நான் கல்லு நடோணுமாக்கும்?" என்று முனகிக்கொண்டே தடத்தோரம் இரண்டு கால் நட்டுப் பலகையை மேலே ஏற்றினார். அன்றிலிருந்து அவருடைய கடலை மூட்டை தலையில் பஞ்சாகவும் சந்தைத் தராசில் பழைய எடையாகவும் இருந்தது. தராசு கெட்டுக் கிடக்கிறது என்று முடிவு கட்டினார்.

மழை பொய்த்த எழுபத்தாறில், கிணற்றை இன்னும் ஆழமாக்க ஒரே மகன் காளிச்சாமி இறங்கினான். பட்டப்பகலில் கரை பெயர்ந்து, கிணறு பாதிக்கு மூடிக்கொண்டது. நாச்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு தடத்துக்கு ஓட, சந்தைக்குப் போன சனமெல்லாம் மூட்டையைப் போட்டுவிட்டு வந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டவர்கள் தடுமாறினார்கள். மண்ணில் கனமே இல்லை. கூடை கூடையாக உமிபோல வந்தது. தக்காளிக்காரி செல்லாத்தாள் முறத்தால் வீசியே ஒரு வண்டி மண்ணை ஒதுக்கினாள். காளிச்சாமி உட்கார்ந்த வாக்கில் கிடைத்தான், தலையில் மட்டும் தூசி.

"போர்வையப் போத்துன மாதிரி இருந்துச்சுங்கப்பா. ஒறக்கம் வந்திருச்சு."

"உன்ற ஆத்தா இங்க செத்துப் பொழச்சிருக்கறா, நீ ஒறங்குனயாக்கும்!" அறைய ஓங்கின கை, மகன் தலைத் தூசியைத் தட்டிவிட்டு இறங்கியது. அள்ளிப் போட்ட மண்ணைச் சாயங்காலக் காற்று கொண்டுபோயிற்று.

சேதி கேட்டுப் பாலக்காட்டிலிருந்து ஒரு பாதிரியார் வந்து கல்லிலிருந்த எழுத்தைப் படித்துச் சொன்னார். லத்தீன் பாஷை, ரோமாபுரிக் கல்லறை எழுத்து. மிளகு வாங்க வந்தவனின் மனைவி பவுலா, பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இந்தத் தடத்தில் செத்தாள். வழிப்போக்கரே, கொஞ்சம் நில்லும். மண்ணே, இவள்மேல் கனக்காதே என்று எழுத்து முடிந்தது.

"நான் அப்பவே சொன்னனுங்களே," என்றாள் நாச்சம்மாள்.

"அவளுக்குச் சொன்ன பேச்ச மண்ணு எதுக்கு எம்பையனுக்குக் கேக்கோணும்? அவ நமக்கு ஒட்டா, ஒறவா?"

சென்னியப்பன் பாதிரியாரைப் பார்த்துக் கேட்டார். நாச்சம்மாள்தான் சொன்னாள்: "அவ பிள்ளையும் மண்ணுக்குள்ளதானே போச்சுங்க."

அதற்கப்புறம் சென்னியப்பன் சந்தை நாள்தோறும் கல்லைக் கழுவி ஓர் அரளிப் பூ வைத்தார். கேட்டால், காக்கை எச்சத்தைக் கழுவுகிறேன் என்பார். பூ வைத்ததும் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போடுவார். பிறகு மூட்டையைத் தூக்குவார். பஞ்சு. கீழே இறக்கி அடித்தையலைத் தடவிப் பார்ப்பார். ஓட்டை எதுவும் இருக்காது.

"எலி கடிச்சிருக்கும்," என்று சொல்லி, தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பார்.