தூங்குமுனிக்குத் தேங்காய் உடைப்பதில்லை

புக்கிட் கெலாடி தோட்டத்தில் தூங்குமுனிக்கு யாரும் தேங்காய் உடைத்ததில்லை. கற்பூரம் கொளுத்தியதில்லை. உறுமி அடித்ததில்லை. செம்பருத்தி வேலிக்குள் கத்தியோ மண்வெட்டியோ போகக் கூடாது. புல்லைக் கையால்தான் பிடுங்க வேண்டும். பிள்ளைகள் ஓடக் கூடாது. பேசுவதென்றால் தாழ்ந்த குரலில். வருஷத்துக்கு ஒருமுறை புற்றுமண்ணும் மஞ்சளும் குழைத்துச் சாமிக்குப் பூசுவார்கள். அதையும் விரல் நுனியால், குழந்தைக்கு எண்ணெய் தடவுவது போல. முனி தூங்குகிறார், எழுப்பினால் லயத்து வீடுகளையே அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்று சொல்லித்தான் அங்கே பிள்ளை வளர்த்தார்கள்.

புனிதனுக்கு இதையெல்லாம் சொன்னவள் மோகனா. நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் அவளை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலி வரைக்கும் வந்துவிட்டான். பின்னாலிருந்தவள் எட்டிச் சாவியைத் திருகி அணைத்தாள். சாலை முடக்கிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றாள்.

"சாமி தூங்குதுன்னா நான் வேணா தாலாட்டுப் பாடவா?"

அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், செம்பிலிருந்த மஞ்சள் நீரை நூல் போல ஊற்றினாள்.

அவள் டெங்கிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அழ வேண்டிய நேரத்தில் புனிதன் அழவில்லை. பிறகு அதற்கான நேரம் வரவே இல்லை. சிரம்பானில், லோபாக் வீட்டில் அவளுடைய சீப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. காலையில் வேலைக்குப் போனான், மாலையில் வந்தான்.

அந்த வேலைதான் அவனை மறுபடி அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனத்தில் அவன் மேற்பார்வையாளன். செம்பனை சாய்ந்தது. ஆளில்லாத லயம் இடிந்தது. மிஞ்சியது தூங்குமுனி மட்டும். சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கோயிலுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சாமி அங்கே போகாவிட்டால் மண்வாரியை விட்டு அள்ளிவிடு என்பது மேலிடத்து உத்தரவு.

மாமனார் ஆறுமுகம் அவனைத் தேடி வந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"மிஷின் வேணாம் மாப்ள. நாங்க கையால எடுத்து வெச்சிக்கிறோம். மோகனா இருந்தா அவளே உங்ககிட்ட சொல்லியிருப்பா."

புனிதன் சரி என்றான். பக்தியால் இல்லை, மறுத்துப் பேசத் தெம்பில்லை. ஆனால் சொன்ன பிறகு அது மோகனா பெயரில் கொடுத்த வாக்காகிவிட்டது. அவளுக்காகச் செய்வதற்கு அவனிடம் வேறு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் குடிபோன பழைய தோட்டத்துக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. எல்லாரும் முடக்கிலேயே இறங்கி மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரும்பு ஆகாது என்பதால் தேங்காய்ச் சிரட்டையால் மண்ணைச் சுரண்டினார்கள். முழங்கால் உயரத்துக்குத் தெரிந்த சாமி, மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தார். சுரண்டச் சுரண்ட அகலமானார்.

மண்வாரி ஓட்டுகிற குணாளன் வேலிக்கு வெளியே பொறுமையிழந்துகொண்டிருந்தான்.

"சிரட்டையால தோண்டுனா தைப்பூசத்துக்குத்தான் முடியும் அண்ணே. அதுவரைக்கும் நான் மிஷின வெச்சுக்கிட்டு பல்லு குத்தவா?"

மதியம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. மழையும் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் முடியவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். ஒரே ஒரு அள்ளு அண்ணே, சாமிக்கே தெரியாது லா என்றான் குணாளன். புனிதன் பதில் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்து இயந்திரத்தைக் கிளப்பிவிட்டான்.

வேலிக்குள் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் கத்தவில்லை. ஆறுமுகம் மருமகனைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மண்வாரியின் பல் செம்பருத்தியைத் தொட்டது. புனிதன் படியில் தாவி ஏறி, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகி அணைத்தான். அணைத்த பிறகுதான் அது யாருடைய கை வேலை என்று அவனுக்கு உறைத்தது.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்குள் போனான். ஒரு சிரட்டையை வாங்கிக் குழிக்குள் இறங்கினான். தூறல் விழுந்தது. புற்றுமண் பூச்சு ஊறி, பாளம் பாளமாகக் கழன்றது. தலைமுறை தலைமுறையாகப் பூசியது. அதற்கடியில் கல் இல்லை. அவன் விரலுக்குத் தட்டுப்பட்டது குளிர்ந்த, உருண்ட ஒன்று. கொஞ்சம் கீழே, தூக்கி மாட்டுவதற்கென்று பற்றவைத்த ஓர் இரும்பு வளையம்.

இயந்திரவியல் படித்தவன். இருந்தாலும் அந்தப் பெயரை மனசு சொல்ல மறுத்தது. வளையத்திலிருந்து கையை எடுத்தான். தோண்டியவர்களை நிமிர்ந்து பார்த்தான்.

"இது வெடிகுண்டு," என்றான். "வந்த மாதிரியே மெதுவா நடந்து போங்க."

ஒருவர்கூட ஓடவில்லை. சிரட்டைகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். பாதத்தை ஊன்றாமல், வரிசையாக, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி நடந்தார்கள். அந்த இடத்தில் அவர்களுக்கு வேறு மாதிரி நடக்கத் தெரியாது. புனிதன் கடைசியாகப் பின்னால் நடந்தான். தன் உடம்பில் மயிர் சிலிர்ப்பதை இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உணர்ந்தான்.

போலீஸ் வந்தது. பிறகு இராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்தது. அஸ்மான் என்ற சார்ஜண்ட் குழிக்குள் இறங்கி வெகுநேரம் கழித்து ஏறினார். போர்க்காலத்தில் விமானத்திலிருந்து விழுந்து வெடிக்காமல் போனது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, இடம் மாற்ற முடியாது, நாளைக்கு இங்கேயே வெடிக்க வைப்போம் என்றார். அதுவரை என்னென்ன கூடாது என்று கூட்டத்துக்கு மலாயில் அடுக்கினார். நெருப்பு கூடாது. தட்டக் கூடாது. இரும்பை உள்ளே கொண்டுபோகக் கூடாது. இன்ஜினைத் தூரத்திலேயே அணைக்க வேண்டும். பிள்ளைகளை ஓட விடக் கூடாது.

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோகனாவின் தங்கை விமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவருக்கு யாரு நம்ம சாமியோட சட்டத்தச் சொன்னது?"

என்ன சிரிப்பு என்று சார்ஜண்ட் கடுகடுத்தார். புனிதன் அவருக்கு மலாயில் விளக்கினான். தேங்காய், கற்பூரம், உறுமி, கையால் பிடுங்கிய புல், தள்ளிக்கொண்டு வந்த மோட்டார். சார்ஜண்ட் முகத்தில் கடுமை போயிற்று. வேலியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். இதையெல்லாம் முதலில் சொன்னது எந்த அதிகாரி என்று கேட்டார்.

அதிகாரி யாரும் இல்லை. அந்தக் கதையை ஆறுமுகம்தான் சொன்னார். தொடங்கியவள் மங்கம்மா, அப்போது ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைக் கொட்டகையில் பார்த்துக்கொண்ட ஆயா. ஜப்பான்காரன் காலம். ஆண்களைச் சயாமுக்கு ரயில் தண்டவாளம் போட லாரியில் ஏற்றிப் போய்விட்டான். அவள் புருஷனையும்தான், அவர் திரும்பவே இல்லை. ஒரு விடியற்காலையில் கொட்டகைக்குப் பின்னால் முனி வானத்திலிருந்து இறங்கிப் படுத்ததைத் தான் பார்த்ததாக அவள் சொன்னாள். வேலி நட்டதும் அவள், சட்டம் போட்டதும் அவள்.

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது போல.

"அவளுக்குத் தெரியும் மாப்ள," என்றார். "தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா."

யாரிடம் போய்ச் சொல்வாள்? வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டான். ஜப்பான்காரனிடம் வாய் திறந்தவர்கள் பிழைத்ததில்லை. கொட்டகையிலோ ஓயாமல் ஓடும் பிள்ளைகள். குண்டு என்று சொன்னால் பையன்கள் கல்லெறிந்து பார்ப்பார்கள். சாமி என்றால் யார் எறிவார்கள்? போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பியபோது, எடுத்துப் போ என்று கொடுக்க முடியாத அளவுக்கு அது சாமியாகிவிட்டிருந்தது. உண்மையை அவள் கூடவே கொண்டுபோய்விட்டாள். சட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

புனிதன் தன் வேலையிடத்தில் மாட்டும் அபாயப் பலகைகளை நினைத்தான். மூன்று மழைக்கு எழுத்து அழியும். சிவப்பு நாடாவைத் தாண்டாதவன் கிடையாது. எழுத்துத் தெரியாத ஒருத்தி, ஒரு பொய்யையும் கொஞ்சம் மஞ்சளையும் வைத்து எண்பது வருஷத்துக்கு மேல் ஒரு தோட்டத்தையே கால் மெல்ல வைத்து நடக்கச் செய்திருக்கிறாள். அவள் காத்த பிள்ளைகளின் பிள்ளைகளில் ஒருத்திதான் மோகனா. அந்த இரும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பயமில்லாமல், புல் பிடுங்கியவள்.

மறுநாள் வெகுதூரத்துக்கு எல்லாரையும் விலக்கி நிறுத்தினார்கள். முதலில் பாதத்துக்குத்தான் தெரிந்தது. பிறகு காதுக்கு. செம்பனை நின்ற வெளிக்கு மேல் செம்மண் மரம் போல எழுந்து, நின்று, விழுந்தது. கோலா கிளாவாங் பக்கத்து மலை வரைக்கும் போயிருக்கும் அந்தச் சத்தம். கூட்டம் கும்பிட்டபடி நின்றது.

சாயங்காலம் போகலாம் என்றார்கள். செம்பருத்தி வேலி இல்லை. ஆயாக் கொட்டகை இருந்த இடமும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே பள்ளம். ஆறுமுகம் துணிப்பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துப் புனிதனிடம் நீட்டினார்.

"இனிமே உடைக்கலாம்ல மாப்ள. மங்கம்மாவுக்கு."

புனிதன் தேங்காயைத் தலைக்கு மேல் ஓங்கினான். ஓங்கிய கை நின்றது. மூச்சை இழுத்து மறுபடி ஓங்கினான். முடியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் ஆறுமுகமும் கையை நீட்டவில்லை. குனிந்து, தேங்காயை முழுசாக, ஓசைப்படாமல் பள்ளத்தின் விளிம்பில் வைத்தான். நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

மோட்டாரிடம் போனவன் சாவியைப் போடாமல் முடக்கு வரைக்கும் தள்ளினான். பின்னால் சக்கரங்கள் ஈர மண்ணில் உருளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். கடைசியில், தலையைக் குனிந்தபடி, குணாளன்.