பதினாறாவது பெயர்

"ஆட வந்தீங்களா, இல்ல யாரையாவது கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"ஆட."

"பேரு?"

"பல்லி."

பேனா நின்றது. "யாரு வெச்ச பேருங்க இது?"

"என்கிட்ட தோத்தவங்க. சுவரோரமா ஒதுக்கிட்டா அப்புறம் விடமாட்டேனாம்."

"அப்ப நான் கொஞ்சம் தள்ளியே உட்கார்றேன். எனக்கு இங்க பேரு பூச்சி."

ஏழு வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. ஒரே திரைக்கு முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்து இரண்டு பேர் மோதும் சண்டை வீடியோ கேம் போட்டி. அன்று பெயர் கொடுத்தவர்களில் அவள் ஐம்பத்தெட்டாவது ஆள். பூச்சியை இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தாள். அவன் வாசல் வரை வந்து, "அடுத்த மாசமும் வருவீங்கல்ல?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் அவள் விழுந்தாள். அவன் அதை எல்லோரிடமும்தான் கேட்டான் என்பது கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தது. தெரிந்தபோது இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

இப்போது அவன் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. பேட்டரிக் கடைக்கு மேலே இருக்கும் நீளமான அறையின் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. ஈர சாக்ஸ், சிப்ஸ் எண்ணெய், குளிக்காததை மறைக்க யாரோ தெளித்துக்கொண்ட சென்ட். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "உன் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்தானே, அவன் நடத்தற போட்டி மட்டும் ஏன் கீழேயே போகுது?" என்று நாத்தனார் கேட்டதற்குச் சிரித்துச் சமாளித்திருந்தாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கன்ட்ரோலர்களைத் துடைக்க ஆரம்பித்தாள். நான்கு வருஷமாக இந்த அறையில் அவளுக்கு இருக்கும் வேலை அது ஒன்றுதான். பட்டன்களைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். பல்குத்தும் குச்சியால் நெம்பினால் மெழுகு மாதிரி உருண்டு வரும். ஒன்றில் யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம் இருந்தது. அதில் பல் பதிந்த தடம்கூட அப்படியே இருந்தது.

அவள் பல் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்பவள். எச்சிலும் ரத்தமும் சீழும் தினமும் பார்ப்பவள். அங்கே ஒரு நாளும் குமட்டியதில்லை. அங்கே அழுக்குக்கு ஒரு தட்டு உண்டு, தட்டுக்கு ஒரு சூடு உண்டு, சூட்டுக்கு ஒரு நேரம் உண்டு. மணி அடித்தால் அழுக்கு தீர்ந்தது என்று அர்த்தம். இங்கே அடித்துச் சொல்ல மணி இல்லை.

தலைகளை எண்ணினாள். பழக்கதோஷம். பதிமூன்று. நான்கு நாற்காலி தள்ளி, புதிதாக ஒரு பெண். நாற்பதை ஒட்டிய வயது. மடியில் துண்டில் சுற்றிய ஒரு பெட்டி. பிரித்தபோது, கன்ட்ரோலருக்குப் பதிலாக, சொந்தமாக ஆணியடித்துச் செய்த பட்டன் பலகை. முழங்கையில் மாவு காய்ந்திருந்தது.

"பேக்கரில காலை ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வரேன்," என்றாள் அவள், தானாகவே. "வீட்ல ஆன்லைன்ல ஆடுவேன். எதிர்ல ஆள் உட்கார்ந்திருக்க ஆடினதே இல்ல. நேத்து ராத்திரி தூக்கமே வரல, போங்க."

கணவன் மடிக்கணினியை மனைவி பக்கம் தள்ளிவிட்டு மைக் வயரைப் பார்க்கப் போனான். திரையில் அன்றைய அட்டவணை. பதினாறு பெயர்கள்.

மறுபடி எண்ணினாள். ஆட்கள் பதிமூன்று. பெயர்கள் பதினாறு. ஆடவராத மூன்று பெயர்கள்: தையல் மெஷின், டாக்டர் தூக்கம், பதினாறாவதாகப் பல்லி.

"இது என்ன?" என்றாள், அவன் திரும்பி வந்ததும்.

அவன் காதைச் சொறிந்தான். "பதினாறு பேர் இல்லாட்டி தரவரிசைல சேர்க்க மாட்டாங்கல்ல. சேர்க்கலன்னா இருக்கறவனும் வரமாட்டான். பேருக்குத்தானே."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்." பிறகு, அதைச் சொன்னால் அவள் குளிர்ந்துவிடுவாள் என்று நம்புகிறவன் போல, "ஒவ்வொரு தடவையும் உன் பேரை எழுதும்போது ஒரு சந்தோஷம். நீ இங்க இருக்கற மாதிரி," என்றான்.

இரண்டு வருஷமாக, மாதம் ஒரு முறை, அவள் இந்த அறையில் இரண்டு தடவை தோற்றிருக்கிறாள். இரண்டு தோல்வி என்றால் வெளியே, அதுதான் விதி. கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களின் அழுக்கைத் துடைத்துக்கொண்டே தோற்றிருக்கிறாள். அதில் இவனுக்குச் சந்தோஷம் வேறு.

"இங்கதான்டா இருக்கேன்," என்றாள். அவன் அதற்குள் மைக்கில் பேச ஆரம்பித்திருந்தான்.

அவள் பழைய அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் கணவன் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறான். மாதாமாதம் ஒரு புள்ளி. ஐம்பத்தெட்டு, ஐம்பது, நாற்பத்து நான்கு, முப்பது, இருபத்தொன்று. அப்புறம் இரண்டு வருஷமாகப் பதினாறு, பதினாறு, பதினாறு. மூன்று வயது மகள் அதைச் சறுக்குமரம் என்பாள். கீழே வந்து சமமாகப் படுத்திருக்கும் பகுதியைக் காட்டி, "இங்க பாப்பா இறங்கிட்டா" என்பாள். ஒவ்வொரு புள்ளிக்கும் அவனிடம் ஒரு காரணம் உண்டு. புது வெர்ஷன் யாருக்கும் பிடிக்கல. எல்லாரும் வீட்லயே ஆன்லைன்ல ஆடிக்கறாங்க. மழை. பாலத்துல வேலை நடக்குது, பஸ் சுத்திப் போகுது. "நீதான் கணக்குல கெட்டியாச்சே, உனக்கு என்ன தோணுது?" என்று அவளையும் கேட்பான். அவள் "ம்" என்பாள்.

அவளுக்குத் தெரியும். நான்கு வருஷமாகத் தெரியும்.

மாதாமாதம் பட்டியலை நிரப்ப அவன் எழுதிய ஆளில்லாத பெயர்களைத் தனியாகக் குறித்தாள். மொத்தம் ஒன்பது பேர், மாறி மாறி. ஒன்பது முகமும் நினைவுக்கு வந்தன. நினைவில் இருந்த பெயர்களைத்தான் அவனும் எழுதியிருக்கிறான். ஆனால் அவர்கள் ஏன் நினைவில் தங்கினார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒன்பது பேரும் முத்திரை வாங்கியவர்கள்.

முத்திரை என்பது பூகம்பத்தின் ஏற்பாடு. பூகம்பம் இந்த அறையின் சாம்பியன். வாட்டசாட்டமான ஆள், பகலில் டயர் கடை. ஜெயித்ததும் எழுந்து நிற்பான். ஆட்டம் முழுக்க வியர்த்து ஊறிய உள்ளங்கையைத் தோற்றவரின் தோளில் வைத்து, அழுத்தி, முழங்கை வரைக்கும் நிதானமாகத் துடைப்பான். "முத்திரை" என்று அறையே கத்தும். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று கணவன் ஒரு காலத்தில் நம்பினான். அதோடு, இருக்கும் ஆறு திரைகளில் நான்கு பூகம்பத்தின் சொந்தம். அவன் போனால் திரைகளும் போகும். இவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். அவளை வாய் நிறைய "அண்ணி" என்பான்.

அவளுக்கு முத்திரை விழுந்தது ஓர் இறுதி ஆட்டத்தில். ஒரே ஒரு அடியில் தோற்றாள். சூடாக, ஈரமாக, அந்தக் கை தோளில் ஏறி இறங்கியது. சட்டை தோளோடு ஒட்டிக்கொண்டது. கணவன் மைக்கில் சிரித்தான். வீடு திரும்பும் பஸ்ஸில், அந்தத் தோள் அவன் மேல் படாதபடி ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்தாள். சட்டையைத் துவைக்கவில்லை, குப்பையில் போட்டாள். "விளையாட்டுதானே," என்றான் அவன். அடுத்த மாதம் "வேலை இருக்கு" என்றாள். அதற்கடுத்து வயிற்றில் குழந்தை என்று தெரிந்தது; காரணம் தயாராகிவிட்டது. ஊரே நம்பியது. கேட்க நினைத்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது கரையவில்லை.

"முதல் ஆட்டம்," என்றது மைக். "பூகம்பம், எதிர்ல... பன்ரொட்டி. புதுசா வந்திருக்காங்க, கை தட்டுங்கப்பா."

பேக்கரிப் பெண் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சுற்று முப்பது நொடியில் போய்விட்டது. இரண்டாவதில் என்ன ஆயிற்றோ, நிதானம் வந்துவிட்டது. திரையில் பூகம்பத்தின் ஆளைச் சுவரில் சாய்த்து அடி மேல் அடி. கடைசி வரிசையில் பல்லியின் விரல்கள் தன்னையறியாமல் துணிக்குள் அசைந்தன. தடு, இப்ப தடு. பெண் தடுக்கவில்லை. தோற்றாள். தோற்ற முகத்தில் சிரிப்பு இருந்தது. எதிரில் ஆள் இருக்க ஆடிவிட்டேன் என்கிற சிரிப்பு.

பூகம்பம் எழுந்தான்.

அந்தக் கை அவள் தோளில் இறங்கி, மெதுவாக, மாவு காய்ந்திருந்த முழங்கை வரை போனது. "முத்திரை," என்றார்கள் நாலைந்து பேர். கத்துவதற்குக்கூட ஆள் போதவில்லை. கணவன் மைக்கில் சிரித்தான். பழக்கத்தில் வருகிற சிரிப்பு, தும்மலைப் போல. கடைசி வரிசையில் பல்லி துடைக்கும் துணியை மடித்து வைத்தாள்.

பேக்கரிப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவள் பலகையைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தாள்.

"பாத்ரூம் எங்கங்க?"

"வாங்க, காட்டறேன்."

கீழே இருந்த பாத்ரூம் இன்னும் மோசம். குழாயடியில் யாரோ துப்பிய பாக்கு, அறுந்து தொங்கும் சோப்புப் பை. பேக்கரிப் பெண் சட்டைக் கையை நனைத்துத் தேய்த்தாள். தேய்த்த இடமே மறுபடி தேய்த்தாள். பல்லி பையிலிருந்து புதுத் துணியும் கிருமிநாசினி ஸ்பிரே பாட்டிலும் எடுத்துக் கொடுத்தாள்.

"அவர் எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்."

"யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?"

பல்லி பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கண்ணாடியில் ரசம் போகாத இடத்தில் தன் தோள் தெரிந்தது.

"அடுத்த மாசம் வருவீங்களா?" என்று கேட்டாள். கேட்டபோது அது கணவனின் பழைய குரல் மாதிரி இருந்தது.

"பாப்போம்ங்க. வேலை இருக்கு."

சொல் மாறாமல் அதே வாக்கியம். ஃப்ரிட்ஜ் கதவில் ஐம்பத்தெட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு புள்ளியும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

மேலே வந்தபோது மைக் பேசிக்கொண்டிருந்தது. "ஒரு தோல்வி ஆனவங்க பக்கம். பன்ரொட்டி, எதிர்ல முதல் ஆட்டத்துக்கு வராம தோத்த பல்லி. பல்லி வரல... பல்லி வரல... வாக்ஓவர், பன்ரொட்டி அடுத்த ரவுண்டுக்கு..."

"வந்திருக்கேன்," என்றாள் அவள்.

கணவன் மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்து, "ஆ?" என்றான். ஸ்பீக்கர் அதைப் பெரிதாகச் சொன்னது.

அவள் ஸ்பிரே பாட்டிலை மேஜை மேல் வைத்து, தான் துடைத்த கன்ட்ரோலர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்த பேக்கரிப் பெண்ணைப் பார்த்து, "ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க," என்றாள். "தொட மாட்டேன்."

பெண் தயங்கி, பையை இறக்கி, துண்டைப் பிரித்தாள்.

பல்லியின் விரல்கள் துருப்பிடித்திருந்தன. முதல் சுற்றை இழந்தாள். இரண்டாவதில் எதிராளியைச் சுவரோரம் ஒதுக்கினாள், விடவில்லை. அறை எழுந்து வந்து பின்னால் நின்றது. மூன்றாவதில் அதே இடத்தில் பேக்கரிப் பெண் இந்த முறை தடுத்தாள், திருப்பி அடித்தாள், முடித்தாள்.

"நீங்க அந்தச் சுவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க போல," என்றாள் மூச்சு வாங்க.

"இல்லங்க, மைக்கைப் பண்ணிக்கிட்டேன்."

பின்னால் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். அதைப் பிளந்துகொண்டு பூகம்பம் வந்தான். "அண்ணி தோத்தாச்சா? பன்ரொட்டிக்கு முத்திரை வைக்கத் தெரியாது, அவங்க சார்பா நான் வெச்சுடறேன்." கை அவள் தோளுக்கு மேல் வந்துவிட்டது.

அவள் பாட்டிலை எடுத்து அந்த உள்ளங்கையில் இரண்டு தரம் அடித்தாள்.

"என்ன அண்ணி, நான் என்ன கிருமியா?" என்று அவன் சிரித்தான். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்காததால், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

கணவன் மைக்கோடு ஓடிவந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் அப்படித்தான், மகள் முதல்முதலாக நடந்தபோதும் இப்படித்தான் நின்றான். "நாலு வருஷம் கழிச்சு, பல்லி," என்றான். மைக் அதை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனது. "இனிமே மாசாமாசம் ஆடறியா? என்ன வேணும்னாலும் கேளு, செய்யறேன்."

அவள் பூகம்பத்தின் நான்கு திரைகளையும் பார்த்தாள். ஈரக் கையை உதறிக்கொண்டு நிற்பவனைப் பார்த்தாள். பேக்கரிப் பெண் துண்டின் ஒரு நுனியைப் பிடித்தபடி, சுற்றாமல், காத்திருந்தாள்.

"கேட்டா செய்வியா?"

"கேளும்மா."

வீட்டில் மட்டும் சொல்கிற குரலில், மைக்குக்குக் கேட்கும்படி, அவள் சொன்னாள்:

"இவரை வெளிய அனுப்பு. இப்பவே. இனிமே உள்ள விடாதே."