சேறு பூசிய சிவப்புக் கார்

பழைய கார் வாங்குகிறவர் முதலில் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும், அடுத்துச் சக்கரங்களை, அதன் பின் குனிந்து, அடித்தட்டில் துரு உண்டா என்று பார்க்க வேண்டும். நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். ஒட்டுசுட்டானில் இருந்த ராஜரத்தினத்தின் நெல் ஆலைக்குப் புறப்பட்ட அன்று, பள்ளிக்கூட ஆசிரியையான நான் வின்சனிடம் இதைத்தான் சொன்னேன்.

வின்சன் என் தங்கை சுசிலாவின் மகள் நிறஞ்சனாவை மணக்கவிருந்தவன். சிலாவத்தையில் படகு இயந்திரங்களைத் திருத்துபவன். கலியாணத்தன்று மாதா கோயிலிலிருந்து அவளைக் காரில்தான் கூட்டிவருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். போர்த் தடையால் பெற்றோல் வன்னிக்குள் வராத காலம் அது. எங்கள் பக்கத்தில் எஞ்சியிருந்த சில கார்களும் மண்ணெண்ணெயைக் குடித்து இருமிக்கொண்டே ஓடின.

ராஜரத்தினம் உமிக் குவியலுக்குப் பின்னால் கிடந்த தார்ப்பாயை இழுத்தார். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கைகள், கூரை கிடையாது. இளமையில் அவர் கொழும்பிலிருந்து ஓட்டிவந்த ஸ்போர்ட்ஸ் கார். சால்வை நுனியால் தூசியைத் துடைத்தார். செவ்வரத்தம்பூவின் சிவப்பு.

"ரீச்சர், நிறத்தைப் பாத்தீங்களே!"

"பாத்தன். கண்ணைக் குத்துது. நீ குனிஞ்சு துருவைப் பார்."

குனிந்தான், கதவில் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக.

"தம்பி, ஒரு கதை," என்றார் ராஜரத்தினம். "இதுக்கு வேற நிறம் அடிக்கிற எண்ணமிருந்தா இப்பவே வீட்டுக்குப் போயிடும். போன மாசம் ஒருத்தர் வந்தவர், கறுப்பு அடிக்கப் போறாராம். செத்தவீட்டுக்கோ எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிப்போட்டன்."

"நான் மாத்தமாட்டன் ஐயா. மாதா மேல சத்தியம்!"

நான் தடுப்பதற்குள் சத்தியம் முடிந்துவிட்டது.

கார் தங்கை வீட்டு முற்றத்தில் நுழைந்ததும் சுசிலா காரைப் பார்த்தாள். உடனே வானத்தைப் பார்த்தாள். குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டால் கொடியில் காயும் வெள்ளை வேட்டியையும் இழுத்து உள்ளே எறிபவள் அவள்.

"இது என்ன, கிபிர்க்காரனுக்குக் கை காட்டவோ? இதில என்ர பிள்ளையை ஏத்தமாட்டன்."

அவள் கணவர் அந்தோனிமுத்து சமாதானம் பேசினார். "படகுக்கு அடிக்க வாங்கின நீலப் பெயின்ற் கிடக்கு. ஒரு நாள் வேலை."

"மாதா மேல சத்தியம் பண்ணிப்போட்டன் மாமா," என்றான் வின்சன்.

அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. நிறம் மாறினால் சத்தியம் போகும். மாறாவிட்டால் மணப்பெண் காரில் ஏறமாட்டாள். நிறஞ்சனாதான் குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கழுவினாப் போறதைப் பூசுங்கோவன். லொறிக்காரர் சேறுதானே பூசுகினம்?"

அன்று பின்னேரம் குளத்துச் சேறு வாளி வாளியாக வந்தது. காருக்குப் போனதைவிட ஆட்களின் தலைக்குப் போனதே அதிகம். முடிந்ததும் அந்தோனிமுத்து சுற்றிவந்து பார்த்தார்.

"மருமோன், கார் வாங்கினனீரோ, எருமை வாங்கினனீரோ?"

சுசிலாவுக்குத் திருப்தி. வின்சன் மட்டும் கண்ணாடிக்குக் கீழே நகத்தால் சுரண்டி, சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

கலியாணத்தன்று ராஜரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். கோயில் வாசலில் நின்ற காரைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"என்ர காரை என்ன செய்தனீ?"

"உள்ளுக்குச் சிவப்புத்தான் ஐயா. சத்தியம் தப்பேல்லை."

"சேத்துக்குள்ள கிடந்தா ஆர் பாக்கிறது? நீ சத்தியத்தைக் காப்பாத்தினாய். நிறத்தைக் காப்பாத்தேல்லை."

வின்சன் தலை குனிந்து உள்ளே போனான். ராஜரத்தினம் கோயிலுக்குள் வர மறுத்துக் காரின் பக்கத்திலேயே நின்றார்.

பூசையின் நடுவில் மழை இறங்கியது. ஓட்டில் விழுந்த இரைச்சலில் நிறஞ்சனாவின் சம்மதம் சுவாமியாருக்குக் கேட்கவில்லை. "ஓம் எண்டுதான் சொல்லுறன் பாதர்!" என்று அவள் கத்த, கோயிலே சிரித்தது.

வெளியே வந்தோம். சேறு கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு சிவந்திருந்தது, கதவுகள் சிவந்திருந்தன. நனைந்து தோய்ந்த ராஜரத்தினம் மிச்சத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வின்சன் மாமியின் முகத்தைப் பார்த்தான். சுசிலா வானத்தைப் பார்த்தாள். கரையிலிருந்து காடுவரை இடைவெளியில்லாத கருமுகில். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, பல மாதங்களாக நான் கேட்டிராத சிரிப்பைச் சிரித்தாள்.

"இண்டைக்கு ஒருத்தனும் வரமாட்டான்! அண்ணை, பின்பக்கத்தில இன்னும் கிடக்கு, வடிவாத் துடையுங்கோ!"

மணமக்கள் ஏறினார்கள். மண்ணெண்ணெய்க் கார் மழையில் உயிர்பெற மறுத்தது. முன்னால் கார், பின்னால் பெரியவர்கள், அதன் பின் பாடகர் குழு என்று நான் ஒழுங்குபடுத்திய ஊர்வலம் அந்தக் கணமே குலைந்தது. பாடகர் குழு பாடிக்கொண்டே தள்ளியது. நானும் தள்ளினேன். சிவப்பு, கைக்கு மிகவும் வழவழப்பாக இருந்தது.

அடித்தட்டில் துரு இருந்தது. கூரையில்லாத காருக்குள் விழுந்த மழையெல்லாம் அந்த ஓட்டைகளால்தான் இறங்கிப் போயிற்று. இல்லையேல் நிறஞ்சனா முழங்காலளவு தண்ணீரில் வீடு வந்திருப்பாள்.

மறுநாள் வெயில் எறித்தது. சுசிலா வாளியோடு குளத்துக்குப் போய்ச் சேறு அள்ளிவந்து, காரை மூலை விடாமல் தன் கையாலேயே பூசினாள். கதவுகளின் உட்பக்கத்தை மட்டும் துடைத்துச் சிவப்பாக விட்டாள். அது வானத்துக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் இருவருக்குத் தெரியும்.